பெரியவரின் இடது கால்

எங்கள் பஸ்ஸில் டென்னிஸ் பேசுவார்கள் என்று சொன்னால் கடையில் யாரும் நம்புவதில்லை. நரிக்குடியில் கிளம்பி, திருச்சுழி வழியாக அருப்புக்கோட்டைக்கு வருகிற காலை பஸ் அது. கொத்தனார்கள், மில்லுக்குப் போகிற பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று நிறைந்துதான் வரும். சில நாள் ஆட்டுக்குட்டியும் வரும். அதில் டென்னிஸ் எப்படி ஏறியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் ஏறியபோது அது ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தது.

ஏற்றியவர் குமாஸ்தா அண்ணன் என்று கண்டக்டர் சொல்லுவார். அருப்புக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா அவர். நரிக்குடிப் பக்கம் கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல் உள்ள குடும்பம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அறுபதை நெருங்கும் வயது. பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறிவிடுவதால் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் ஜன்னலோர இடம் எப்போதும் அவருடையது. பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு வைப்பார். அது எனக்கு.

எனக்கு ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். நான் ஜவுளிக்கடையில் வேட்டி, துண்டு பிரிவில் நிற்கிறவன். நிற்கிறவன் என்று சொல்வதுதான் சரி. கடை திறந்ததிலிருந்து மூடுகிறவரை நின்றுகொண்டேதான் வேலை. உட்காரலாம் என்று இப்போது சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். ஸ்டூலும் போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையில் யாரும் இரண்டாம் தடவை உட்கார மாட்டார்கள். என் முழங்காலுக்குக் கீழே நரம்புகள் சுருண்டு பச்சையாகப் புடைத்திருக்கின்றன. இடது காலில்தான் அதிகம். டாக்டர், நிற்பதைக் குறை என்றார். வேலை போனால் குறைந்துவிடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தால் மத்தியானம் வரை கால் தாங்கும். நின்று வந்தால் கடை திறக்கும்போதே வீங்கியிருக்கும். எங்கள் ஊர் ஸ்டாப்பில் பஸ் வரும்போது உட்கார இடமே இருக்காது. ஒருநாள் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைப்பதைப் பார்த்த குமாஸ்தா அண்ணன், மறுநாளிலிருந்து எனக்குத் துண்டு போட ஆரம்பித்தார். காரணம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் செய்தது பெரிய உபகாரம். அதை இப்போதும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டென்னிஸ் எனக்கு வந்தது கடையில். பெண்கள் சேலை எடுக்கும்போது கூட வந்த ஆண்கள் உட்கார நாற்காலி போட்டு, எதிரே ஒரு டி.வி. மாட்டியிருக்கிறார்கள். முதலில் சினிமாப் பாட்டு ஓடியது. வேலையாட்கள் வாய் பார்த்தார்கள். கிரிக்கெட் போட்டால் அதைவிட மோசம். கடைசியில் முதலாளி சத்தத்தை நிறுத்தி, யாருமே பார்க்க மாட்டார்கள் என்று டென்னிஸ் வருகிற சேனலை வைத்தார். நான் பார்த்தேன். வேட்டியை விரித்துக் காட்டும்போது வாங்க வந்தவரின் தோளுக்கு மேலாக டி.வி. தெரியும். பதினைந்து, முப்பது, நாற்பது என்று எண்கள் ஏன் அப்படிப் போகின்றன என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. யாரையும் கேட்கக் கூச்சம். பந்து மட்டையில் படும் சத்தம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் விளையாட்டு மட்டும் தெரிந்துபோயிற்று. சத்தம் இல்லாததால் கால்களைப் பார்ப்பேன். ஆட்டக்காரர்களின் கால்கள்.

பஸ்ஸில் இரண்டு கட்சி. குமாஸ்தா அண்ணன் பெரியவர் கட்சி. பெரியவர் என்பது வயதான சாம்பியன். புல்தரையில் அவர் வாங்காத கோப்பை இல்லை. எதிர்க்கட்சிக்குத் தலைவி, லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிற பெண். எங்களுக்கு முன் வரிசையில் பெண்கள் பக்கம் உட்காருவாள். பேச்சு வந்தால் கம்பியில் முழங்கையை ஊன்றிப் பின்னால் திரும்பிக்கொள்வாள். அவள் சின்னவன் கட்சி. சின்னவன் என்பது இரண்டு வருடமாகப் பெரியவரை அடித்துக்கொண்டிருக்கும் இளைஞன். அந்தப் பையனின் அம்மா ஏதோ ஒரு ஊரில் பஸ் ஓட்டுகிறவர் என்று செல்போனில் படித்துச் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் டிரைவரும் சின்னவன் கட்சி.

கோடையில் செம்மண் தரையில் போட்டிகள் நடந்து முடிந்து, ஆனி மாதம் புல்தரைக்கு வருவார்கள். எங்கள் பக்கம் அந்த மாதத்தில் கரிசல் வாய் பிளந்து கிடக்கும். காற்று மண்ணை அள்ளி அடிக்கும். பஸ் ஜன்னலுக்கு வெளியே பச்சை என்று சொல்ல வேலிக்கருவை மட்டும்தான். அதற்கு நடுவே இவர்கள் புல்லைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள்.

"செம்மண்ணுல ஓடத் தெரிஞ்சாப் போதும்" என்பார் குமாஸ்தா அண்ணன். "புல்லுல ஆடத் தெரியணும். பந்து எந்திரிக்காது. தரையோட வழுக்கிட்டு வரும். குனியத் தெரிஞ்சவன்தான் எடுப்பான்."

"குனியுறதுக்கு வயசு வேணும்ல சார். ஒங்க பெரியவரு குனிஞ்சா நிமித்துறதுக்கு ரெண்டு ஆளு வரணும்."

"ஏ புள்ள, அவுக மொதக் கப்பு வாங்குறப்ப ஒன் சின்னப்பய தொட்டில்ல கெடந்தான்."

"தொட்டில்ல கெடந்தவன் எந்திரிச்சு வந்துட்டான்ல. அதான் ஒங்களுக்குப் பொறுக்கல. பெறகு, என்னையப் புள்ளன்னு கூப்புடாதீகன்னு எத்தன தடவ சொல்லுறது?"

"நேத்து வந்த பயலுக்கு என்ன வக்காலத்து!"

"ஏங்க, டிக்கெட்ட எடுத்துட்டு அடிச்சுக்கங்க" என்று கண்டக்டர் நடுவில் புகுந்து போவார்.

நேற்று வந்தவன் என்ற வார்த்தையை அண்ணன் அடிக்கடி சொல்லுவார். சொல்லும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் தாடை இறுகும். அவளுடைய அப்பா அண்ணன் வீட்டு வயலில் வேலை பார்த்தவர் என்பது பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

நான் பேச மாட்டேன். எனக்குக் கூட்டத்தில் வாய் வராது. அண்ணன் ஏதாவது சொல்லிவிட்டு "என்ன தம்பி, சரிதான?" என்று என் தொடையில் தட்டுவார். தலையை ஆட்டுவேன். அவருக்கு அது போதும். எனக்குப் பிடித்ததும் பெரியவரைத்தான். ஆகவே ஆட்டுவதில் கஷ்டம் இல்லை.

அந்த வருடம் புல்தரைக்கு வருவதற்கு முன்னால் பெரியவர் சில மாதம் ஆடவில்லை. காலில் ஏதோ அறுவை சிகிச்சை. திரும்பி வந்து ஒரு சின்னப் போட்டியில் ஆடினார். ஜெயித்தார். நான் கடையில் பார்த்தேன். சர்வீஸ் போட்டுவிட்டு இடது காலில் வந்து இறங்க வேண்டும். இறங்கினார். ஆனால் இறங்கிய உடனே, கண் இமைக்கிற நேரத்தில், பாரத்தை வலது காலுக்கு மாற்றினார். ஒரு தடவை என்றால் சரி. ஒவ்வொரு தடவையும் மாற்றினார். கல்லாப் பக்கம் நடந்து போகும்போது நானும் அப்படித்தான் மாற்றுவேன். அதைப் பார்த்துக்கொண்டே எட்டு முழ வேட்டி கேட்டவருக்கு நான்கு முழத்தை எடுத்துப் போட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் அண்ணன் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார். லேப் பெண் ஏதோ சொல்ல, இவர் ஏதோ சொல்ல, பேச்சு தடித்தது.

"பேசாம இருக்கவன் ஒருத்தன் சொல்லட்டும்" என்றார் அண்ணன். "நீயே சொல்லு தம்பி. இந்த வருசம் புல்லுல பெரியவரு ஜெயிப்பாரா, மாட்டாரா?"

தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டத்தான் போனேன். கண்ணுக்கு முன்னால் அந்தக் கால் வந்துவிட்டது.

"கால் போயிருச்சுண்ணே" என்றேன். "எடது காலை ஊனுறதுக்கு யோசிக்கிறாரு."

 லேப் பெண் கையைத் தட்டினாள். "அப்படிச் சொல்லுங்கண்ணே! ஒங்க ஆளே சொல்லிட்டாருல்ல சார்!" டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். எதிரே எதுவும் வரவில்லை.

குமாஸ்தா அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கோர்ட்டுல இதுக்கு ஒரு பேரு உண்டு" என்றார், எனக்கு இல்லை, பஸ்ஸுக்குச் சொல்லுவது போல. "பெறழ் சாட்சி. நம்ம துண்டுல உக்காந்துக்கிட்டு எதிராளிக்குச் சாட்சி சொல்லுறவன்."

"நான் அப்படி நெனச்சுச் சொல்லலண்ணே—"

"கால் போனது அவுகளுக்கு இல்லய்யா. ஒனக்கு. ஒன் காலப் பாத்துட்டு ஊர்ல இருக்கவன் காலெல்லாம் அப்படித்தான்னு நெனைக்கிற."

அதில் பாதி உண்மை இருந்தது. 

மறுநாள் பஸ் வந்து நின்றது. ஏறினேன். என் இடத்தில் மல்லி வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். வீரசோழனிலிருந்து நரிக்குடிக்கு வந்து, அங்கே இந்த பஸ்ஸைப் பிடித்து, கொத்தமல்லி மாதிரியைப் பையில் கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை கமிஷன் கடைக்குப் போகிறவர். இடம் கிடைக்காதா என்று வருடக்கணக்கில் நின்று பார்த்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அண்ணன் அவர் தோளை அழுத்தினார்.

"பெரியவரு யாருன்னு இவருக்குச் சொல்லும்."

"அவுகதான்யா ராசா" என்றார் வியாபாரி உடனே. "பூப்பந்துல அவுகள அடிக்க ஆளு ஏது?"

பஸ் சிரித்தது. பூப்பந்தா டென்னிஸா என்பதெல்லாம் அண்ணனுக்குப் பொருட்டாக இல்லை. "உக்காரும்" என்றார்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. யார் முதலில் வந்து பெரியவர்தான் ஜெயிப்பார் என்று சொல்கிறார்களோ அவர்களுக்கு அந்த இடம். ஒருநாள் ஒரு கொத்தனார், இன்னொரு நாள் குழாய் வேலைக்காரர். டென்னிஸ் மட்டையைக் கண்ணால் பார்க்காதவர்கள் எல்லாம் பெரியவரின் சர்வீஸைப் பற்றிப் பேசினார்கள். நான் மூன்றாவது வரிசைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் தலைக்கு மேல் நின்று கேட்டுக்கொண்டு வந்தேன். பின்னால் தள்ளிப் போய் நின்றிருக்கலாம். போகவில்லை. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

"வாய்யா பெறழ் சாட்சி" என்று கண்டக்டரும் கூப்பிட ஆரம்பித்தார். கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பேர் வாய்க்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரத்திலேயே கால் தன் வேலையைக் காட்டிவிட்டது. மத்தியானம் கவுண்டரில் சாய்ந்து நின்றேன். சூப்பர்வைசர் வந்தான். என்னைவிட வயதில் மிகவும் இளையவன்.

"அண்ணே, சாயுற வயசு வந்துருச்சுன்னா சொல்லுங்க. குடோனுக்கு மாத்தி விட்டுருவோம்."

குடோன் என்றால் துணி பேல் மூட்டைகளைத் தூக்குவது. அங்கே மாற்றுவது வெளியே அனுப்புவதற்கு முந்தின படி. நான் நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

லேப் பெண் ஒருநாள் திருச்சுழி தாண்டியதும் என்னைக் கூப்பிட்டாள். "கால் வீங்கியிருக்குண்ணே, நான் பாக்குறேன்ல. டிரைவருகிட்டச் சொல்லிட்டேன். இஞ்சின் பக்கம் பெட்டி மேல ஒக்காந்துக்கலாம். ஒரு வார்த்த மட்டும் சொல்லிருங்க."

"என்ன வார்த்த?"

"சின்னவன்தான் ஜெயிப்பான்னு. சார் காதுல விழுற மாதிரி."

"எனக்குப் பெரியவரைத்தான் பிடிக்கும்" என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "பெறகு எதுக்குக் கால் போயிருச்சுன்னு சொன்னீக?"

"போயிருச்சு. அதான் சொன்னேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அதில் இரக்கம் ஏதும் இல்லை. "அப்ப நில்லுங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு பக்கமும் இடம் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை கேட்டார்கள். அன்று முழுவதும் கடையில் துண்டுகளை மடித்துக்கொண்டே யோசித்தேன். ஒரு வார்த்தைதானே. தினமும் எத்தனை வார்த்தை சொல்கிறேன். இந்த வேட்டி சாயம் போகாது, துவைக்கத் துவைக்கப் பால் மாதிரி வரும் என்றெல்லாம் சொல்கிறேன். நாக்கு கூசியதில்லை.

பெரிய போட்டி தொடங்கியது. முதல் வாரம் புல் ஈரமாக இருக்கும், வழுக்கும். இரண்டாவது ஆட்டத்திலேயே சின்னவன் ஓரத்துப் பந்துக்கு ஓடி, கால் பரத்தி விழுந்தான். எழுந்து ஆடினான். யாரென்றே தெரியாத ஒருவனிடம் தோற்றான்.

மறுநாள் காலை குமாஸ்தா அண்ணன் பெரிய பொட்டலமாகக் காராச்சேவு வாங்கி வந்திருந்தார். கண்டக்டரிடம் கொடுத்து, எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னார். ஏறுகிறவர்கள் எல்லாம் என்ன விசேஷம் என்று கேட்டு வாங்கித் தின்றார்கள். லேப் பெண் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலும் ஒரு பிடி வைத்தார் கண்டக்டர்.

"தின்னு, தின்னு" என்றார் அண்ணன். "நேத்து வந்தவன் நேத்தே போயிட்டான். புல்லுன்னா என்னன்னு சொன்னேன்ல? குனியத் தெரியணும்."

அவள் சேவை ஜன்னல் வழியாகக் கொட்டினாள். கையைத் துடைத்தாள். திரும்பினாள்.

"குனியுறதப் பத்தி எனக்குச் சொல்லாதீக சார். எங்கப்பா ஒங்க வயக்காட்டுல குனிஞ்ச வரைக்கும் போதும்."

சேவு தின்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அண்ணன் தோள் துண்டை எடுத்து உதறித் திரும்பப் போட்டுக்கொண்டார். "வெளையாட்டப் பத்திப் பேசுனா..." என்று மெதுவாக ஆரம்பித்து விட்டுவிட்டார். அவள் அதற்குப் பிறகு அந்த வருடம் டென்னிஸ் பேசவில்லை. ஆனால் இடத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அவருக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்து வந்தாள்.

பேச எதிராளி இல்லாமல் போனதும் அண்ணனின் கோபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. பெரியவர் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக்கொண்டு போனார். அரையிறுதிக்கு வந்துவிட்டார். அன்று காலை நான் ஏறியபோது என் இடத்தில் யாரும் இல்லை. துண்டு கிடந்தது. மல்லி வியாபாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் அவரை உட்கார விடவில்லை என்று தெரிந்தது.

"வா தம்பி" என்றார். தம்பி என்று அவர் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. "நான் ஒண்ணும் பகையாளி இல்ல. ஒரே ஒரு வார்த்த. பெரியவரு கால் நல்லாருக்குன்னு சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும். சொல்லிட்டு உக்காரு."

முந்தின நாள் கால் சரியான வலி. ராத்திரி தலையணையில் தூக்கி வைத்துப் படுத்தும் இறங்கவில்லை. சொல்லிவிடுவது என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். மனைவியிடம்கூட, இன்றைக்கு இடம் கிடைத்துவிடும் என்று சொல்லியிருந்தேன். பொய்யும் இல்லையே. கால் போனவர் அரையிறுதிக்கு வருவாரா? ஒருவேளை நான் பார்த்ததுதான் தப்போ? எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மல்லி வியாபாரி, "சொல்லுமய்யா, காசா பணமா?" என்றார்.

"நேத்து ஆட்டம் பாத்தேண்ணே" என்று ஆரம்பித்தேன்.

"ம்."

"நல்லா ஜெயிச்சாரு."

"சொல்லு."

"நடுவுல சேர்ல வந்து உக்காந்தாருல்ல. துண்டை மடியில போட்டு மூடிக்கிட்டு, அதுக்குள்ள கைய விட்டுக் காலைப் பிசைஞ்சாருண்ணே. கேமராவுக்குத் தெரியக் கூடாதுன்னு."

அண்ணன் துண்டை ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டார்.

"போயி நில்லு."

லேப் பெண்ணின் தோள் குலுங்கியது. சிரித்தாளா என்று தெரியவில்லை. திரும்பவில்லை.

அரையிறுதி சாயங்காலம் நடந்தது. கடையில் முகூர்த்தக் கூட்டம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பட்டு வேட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை: அன்று பெரியவரின் கால் நன்றாகத்தான் இருந்தது. ஊன்றினார். ஓடினார். குனிந்து, தரையோடு வந்த பந்துகளைத் தூக்கி மூலைக்கு அனுப்பினார். நான் சொன்னது அத்தனையும் பொய் போல இருந்தது. ஆனால் சர்வீஸ் நெட்டில் விழுந்துகொண்டே இருந்தது. கை போய்விட்டதா, மனது போய்விட்டதா தெரியாது. முக்கியமான பாயின்ட்டுகளில் எல்லாம் நெட். கடைசி செட் நடக்கும்போது நாற்காலியில் காத்திருந்த ஒருவர், "எந்நேரமும் இதே பந்தைப் போட்டுக்கிட்டு, காமெடி வைங்கப்பா" என்றார். சூப்பர்வைசர் மாற்றிவிட்டான். முடிவை வீட்டுக்குப் போகும் வழியில் செல்போனில்தான் பார்த்தேன். தோற்றிருந்தார். இறுதிப் போட்டியில் ஆடப்போகிற இருவருமே எங்கள் பஸ்ஸில் யாரும் பேர்கூடச் சொல்லாதவர்கள்.

மறுநாள் காலை ஏறினேன். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் மூன்றாவது வரிசையில் அந்த இடம் காலியாக இருந்தது. துண்டு இல்லை. துண்டு அண்ணனின் முகத்தில் கிடந்தது. ஜன்னலில் தலை சாய்த்து, முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை. அன்றைக்கு எதைச் சொன்னால் உட்காரலாம் என்று யாருக்கும் தெரியவில்லை போல.

நான் போய் உட்கார்ந்தேன். துணிந்து செய்ததாகச் சொல்ல மாட்டேன். கால் செய்தது. அவ்வளவுதான்.

அண்ணன் துண்டை விலக்கினார். கண் சிவந்திருந்தது.

"சந்தோசமா?" என்றார்.

"இல்லண்ணே."

"கால் போயிருச்சுன்னு சொன்னேல்ல. வாக்குப் பலிச்சிருச்சுல்ல."

கால் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல அதுதான் நேரம். அவர் கேட்ட வார்த்தையே அதுதான். அன்று அது உண்மையும்கூட. சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் சொல்லவில்லை. நிற்க வைத்துக் கேட்டதை உட்கார்ந்துகொண்டு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"எந்திரி" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். 

"எந்திரின்னு சொல்றேன்ல?"

"டிக்கெட் எடுத்துருக்கேண்ணே."

அது போதுமானதாக இருந்தது.  அண்ணன்தான் எழுந்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு என் முழங்காலைத் தாண்டி வெளியே வந்து, கம்பியைப் பிடித்து நின்றார். நின்று பழக்கமில்லாதவர். பஸ் குலுக்கும்போதெல்லாம் தடுமாறினார். லேப் பெண் ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்தாள், காலியான ஜன்னலோர இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முன்னால் திரும்பிக்கொண்டாள். உட்காருங்கள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இடது காலை ஜன்னல் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டேன். வலி இறங்குவது தெரிந்தது. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது.

திருச்சுழியில் கூட்டம் ஏறியது. அன்று அங்கே ஏதோ வேலையாக முன்னதாக வந்திருந்த மல்லி வியாபாரியும் அதில் ஏறினார். அண்ணன் நிற்பதைக் கண்டார். என் பக்கத்தில் இடம் காலியாக இருப்பதைக் கண்டார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. ஆனால் ஏதோ மாறிவிட்டது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"இப்ப யாரைய்யா சொல்லணும்?"

"யாரையும் சொல்ல வேணாம்" என்றேன். "உள்ள போயி உக்காருங்க."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வியாபாரி மெதுவாக என் முழங்காலைத் தாண்டி ஜன்னலோரம் போய், இருக்கையின் நுனியில் உட்கார்ந்தார். யாராவது எழுப்பினால் உடனே எழுந்துவிடுகிற மாதிரி அருப்புக்கோட்டை வரை அப்படியேதான் உட்கார்ந்து வந்தார்.